எஃப்-14 மாடலில் பெயிண்ட் எங்கே கெட்டது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

1/48 அளவில் ஓர் எஃப்-14 டாம்கேட் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட்டத்தட்ட 40 செ.மீ. நீளம் வரும். வெட்டி, ஒட்டி, இணைப்புகளில் பட்டி பார்த்துத் தேய்த்து முடிக்கவே வாரக்கணக்கில் ஆகிவிடும். அத்தனை உழைப்பும் பெயிண்ட் அடிக்கிற இரண்டு நாளில் பாழாகிவிடுமோ என்கிற பயம் எல்லாருக்கும் உண்டு. அவ்வளவு பயப்பட வேண்டாம். வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவற்றைத் திருத்திவிடலாம். கோளாறு எந்தப் பூச்சில் பிறந்தது என்று பார்க்காமல், தெரிகிற இடத்தில் மேலும் மேலும் அடித்து மூடப் பார்ப்பதுதான் மாடலைக் கெடுக்கிறது. டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் குறியீட்டுப் படம்) வெளிறித் தெரிந்தால் டீக்காலுக்கு அடியில் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் உரிந்து வந்தால் பிரைமருக்கு, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சுக்கு, அடியில் பாருங்கள். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் நான் முதலில் செய்வது, ஒரு பூச்சு கீழே இறங்கிப் பார்ப்பதுதான்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கடற்படையின் டாம்கேட். 1980களில் அவற்றுக்கு வந்த மூன்று சாம்பல் நிற அமைப்பு: மேற்புறம் எஃப்எஸ் (அமெரிக்க அரசின் நிறத் தர எண்) 35237, பக்கவாட்டில் 36320, அடிப்புறம் 36375. மிஸ்டர் கலர் பிராண்டின் லாக்கர் பெயிண்டில் இவை முறையே 337, 307, 308. அதற்கு முந்தைய விமானங்களில் மேலே பளபளப்பான வெளிர்சாம்பல், கீழே வெள்ளை. புது அமைப்பில் மூன்றும் மங்கல் நிறங்கள், ஒன்றுக்கொன்று வேறுபாடும் குறைவு. அதனாலேயே சின்னப் பிசகுகூட உடனே கண்ணில் படும்.

பூச்சுகளின் வரிசையை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். லாக்கர் அடியில், அதன்மேல் அக்ரிலிக், அதன்மேல் எனாமல், கடைசியில் ஆயில் கலர். மேலே போகப்போகத் தின்னரின் வீரியம் குறைந்துகொண்டே போக வேண்டும். எனாமல்மேல் லாக்கரை நனைய அடித்தால் அடியில் உள்ளது சுருங்கிக் கிளம்பிவிடும். எந்தப் புதுக் கலவையையும் மாடல்மேல் சோதிக்காதீர்கள். கிட்டில் மிஞ்சுகிற ஏவுகணை, குண்டு, எரிபொருள் தொட்டி எல்லாம் அதற்குத்தான். ஒரு தொட்டிக்கு மாடலுக்கு அடித்த அத்தனை பூச்சும் அதே வரிசையில் அடித்து வைத்திருங்கள்.

தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது

பெயிண்ட் பரப்பில் விழுவதற்கு முன்னால் காற்றிலேயே காய்ந்துவிட்டது. துளி துளியாக, தூளாகப் போய் ஒட்டியிருக்கிறது. கலவை கெட்டியாக இருந்திருக்கலாம், அழுத்தம் அதிகமாக இருந்திருக்கலாம், ஏர்பிரஷை (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் கருவி) எட்ட வைத்து அடித்திருக்கலாம். ஏப்ரல், மே மாதச் சென்னை மதியத்தில் மின்விசிறியும் ஓடினால் இந்த மூன்றும் இல்லாமலேயே வரும்.

முழுவதும் காய விடுங்கள். பிறகு 2000, அடுத்து 3000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விரல் அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் தூள் போய்விடும். பேனல் கோடுகளில் (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக்கோடுகள்) சேர்ந்த தூளைப் பழைய டூத் பிரஷால் எடுங்கள். அடுத்த முறை கலவை பால் பதத்தில் இருக்கட்டும். கிண்ணத்தின் ஓரத்தில் ஏற்றிவிட்டால் மெல்லிய படலமாக வழிந்து இறங்க வேண்டும். லாக்கருக்கு 1 பங்கு பெயிண்ட், ஒன்றரை முதல் 2 பங்கு தின்னர், 15 பிஎஸ்ஐ, 0.3 மி.மீ. ஊசி, 8 செ.மீ. தூரம் என்று தொடங்கி உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மெதுவாகக் காயவைக்கும் லெவலிங் தின்னர் நம் வெயிலுக்கு ஏற்றது. அதன் விலைக்குத் தயங்கி வெறும் தின்னரில் மாதக்கணக்கில் அல்லாடினேன். மாற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது.

பெயிண்ட் பூரான் கால் விட்டு ஓடுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கலவை தண்ணீராக இருக்கிறது, ஊசியும் பரப்பை ஒட்டி நிற்கிறது, காற்று பெயிண்டைத் தள்ளிக்கொண்டு போகிறது. துடைக்கப் போகாதீர்கள், இழுவிவிடும். காய்ந்தபின் வாட்டர் பேப்பரால் சமன்செய்துவிட்டு, அழுத்தத்தை 10 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, டிரிகரைக் கொஞ்சமாக மட்டும் இழுத்து அடியுங்கள்.

ஏர்பிரஷ் விட்டுவிட்டுத் துப்புகிறது என்றால் ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து கட்டியிருக்கும். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கில் இது சகஜம். காதுகுடையும் பஞ்சைத் தின்னரில் நனைத்து முனையை அவ்வப்போது துடையுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்த்தால் குறையும்.

வெள்ளைப் பால் படிந்த மாதிரி ஆகிவிட்டது

கிளியர் என்கிற நிறமற்ற பூச்சு அடித்த சில நிமிடங்களில் மேற்பரப்பு மூடுபனி போல வெளுத்தால் காரணம் ஈரப்பதம். லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிரில் காற்றின் ஈரம் பூச்சுக்குள் படிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் கடலோர ஊர்களில் இது நிச்சயம் வரும்.

பதறி மேலும் கிளியர் அடிக்க வேண்டாம். ஈரம் குறைந்த ஒரு நாளில், லெவலிங் தின்னரை மட்டும் தனியாக, நனையாத அளவுக்கு ஒரு மெல்லிய தூறல் அடியுங்கள். பூச்சு லேசாக இளகி, சிக்கிய ஈரத்தை விட்டுவிடும். பத்தில் எட்டு முறை இதிலேயே தெளிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மழை ஓயாத வாரத்தில் அடித்தே ஆக வேண்டுமானால், ஏ.சி. ஓடுகிற அறையில் ஒரு மணி நேரம் மாடலை வைத்திருந்து அங்கேயே அடிப்பது நல்லது.

வெளுப்புக்குப் பதிலாக அங்கங்கே நீர்த்துளி வட்டங்கள் தெரிந்தால் அது வேறு சங்கதி. கம்ப்ரஸர் குழாயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஈரம் பிடிக்கும் வடிகட்டியைத் திறந்து வடியுங்கள், தொட்டியின் அடித் திருகையும் மறக்காதீர்கள்.

மூக்குக்கு மருத்துவத் துணி முகக்கவசம் போதாது, அது தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரி வடிகட்டி உள்ள முகக்கவசமும் திறந்த ஜன்னலும் கட்டாயம் வேண்டும்.

டேப்பை எடுத்தால் பெயிண்டும் கூடவே வருகிறது

பிளாஸ்டிக்கில் எண்ணெய் இருந்திருக்கிறது. அச்சிலிருந்து பாகங்களை விடுவிக்கப் பூசிய எண்ணெயாகவோ, உங்கள் விரல் பிசுக்காகவோ இருக்கலாம். உரிந்த இடத்தின் அடியில் வெறும் பிளாஸ்டிக் தெரிகிறதா, பிரைமர் தெரிகிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் தெரிந்தால் பிரைமரே பிடிக்கவில்லை. பிரைமர் தெரிந்தால் அது முழுதாகக் காயும்முன் மேலே அடித்திருக்கிறீர்கள்.

உரிந்த விளிம்பை 1500 எண் வாட்டர் பேப்பரால் சரிவாகத் தேய்த்து, விரல் நகத்துக்குப் படி தட்டாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆல்கஹாலால் துடைத்து, அந்த இடத்தில் மட்டும் மிஸ்டர் சர்ஃபேஸர் 1500 போன்ற பிரைமர் அடித்து, மறுநாள் நிறம் அடியுங்கள். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரால் மட்டும் மாடலைத் துடைத்துவிடாதீர்கள். ஏர்பிரஷ் கழுவ அது நல்ல சரக்கு, வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் கரைத்துவிடும். அடுத்த கிட்டுக்கு, பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவிக் காயவைத்துவிடுங்கள்.

சாம்பல் நிறங்களின் எல்லை கத்தியால் வெட்டியது போல இருக்கிறது என்று ஒரு குறை அடிக்கடி கேட்கிறேன். டாம்கேட்டின் மூன்று சாம்பலும் மென்மையாக ஒன்றில் ஒன்று கலக்க வேண்டியவை. டேப்பைப் பரப்போடு அழுத்தி ஒட்டினால் அந்த மென்மை வராது. ஒட்டுக்களிமண்ணை மெல்லிய திரியாக உருட்டி எல்லையில் வைத்து, அதன்மேல் டேப்பை மிதக்க விட்டு, ஏர்பிரஷைத் திரிக்குச் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். ஏற்கெனவே கூர்மையாகிவிட்டதென்றால், இரண்டு நிறங்களையும் பாதிக்குப் பாதி கலந்து நிறைய தின்னர் விட்டு, எல்லையின்மேல் ஒரு கோடு மூச்சுவிடுவது போல அடித்தாலே போதும்.

டீக்காலைச் சுற்றி வெள்ளிபோல மினுக்குகிறது

டீக்காலுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மங்கல் பெயிண்டின் பரப்பு நுண்ணளவில் மேடுபள்ளம். டீக்கால் மேடுகளில் உட்கார்ந்துகொள்ள, பள்ளங்களில் காற்று நின்றுவிடுகிறது. இந்த மூன்று சாம்பல் அமைப்பில் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) குறியீடுகளும் பெரும்பாலும் சாம்பலே என்பதால், மினுக்கு எழுத்தைவிட முந்திக்கொண்டு தெரியும்.

மெல்லிய ஊசியால் மினுக்கும் இடத்தில் நிறைய குத்தி, மைக்ரோ சால் போன்ற டீக்கால் இளக்கியைத் தொட்டு வையுங்கள். டீக்கால் முதலில் சுருங்கிப் பயமுறுத்தும், கை வைக்காதீர்கள். காயும்போது தானே படிந்துவிடும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கலாம். அப்படியும் அசையாவிட்டால் அந்தத் துண்டை டேப்பால் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு கிளாஸ் கிளியர் (பளபளப்பான நிறமற்ற பூச்சு) அடித்து வேறு டீக்கால் வைப்பதே நேர்வழி. டீக்காலுக்கு முன் இரண்டு மெல்லிய கிளாஸ் பூச்சும் ஓர் இரவு ஓய்வும் கொடுத்திருந்தால் இந்தக் கோளாறு பிறந்தே இருக்காது.

வாஷ் துடைத்தால் போகவில்லை, மாடல் முழுக்கக் கறை

அதே காரணம்தான், அதே மேடுபள்ளம். கிளாஸ் இல்லாத மங்கல் பரப்பு வாஷை, அதாவது பேனல் கோடுகளில் ஓடவிடும் நீர்த்த நிறத்தை, உறிஞ்சிக்கொண்டது. எனாமல் வாஷாக இருந்தால் எனாமல் தின்னரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைக்கலாம். துடைக்கும் திசை முக்கியம்: மூக்கிலிருந்து வாலை நோக்கி. மிச்சமாகிற லேசான கறை காற்றோட்டத்தின் தடம் போல நின்று உதவிக்குத்தான் வரும். வாஷின் நிறம் கறுப்பாக இருக்க வேண்டாம். வெளிர்சாம்பல் விமானத்தில் கறுப்புக் கோடு, வரைபடத்தில் மை போட்ட மாதிரி ஆகிவிடும். அடிநிறத்தைவிட இரண்டு படி ஆழமான நீலச்சாம்பலோ பழுப்புச்சாம்பலோ போதும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. வாஷ் போட்ட மறுநாள் இறக்கையின் வேரிலோ பைலனிலோ (ஏவுகணை, தொட்டி தொங்கும் தாங்கி) விரிசல் தெரியும். எனாமல் தின்னர் பெயிண்ட் படாத பிளாஸ்டிக்குக்குள் புகுந்து, இழுவிசையில் இருக்கிற இடத்தைப் பிளந்துவிடுகிறது. டாம்கேட்டில் இறக்கைச் சுழல் முளையும் தரைச்சக்கரக் கால்களும் இதற்கு இலக்கு. வாஷைத் தேங்க விடாதீர்கள், உட்புறத்துக்கும் ஒரு பூச்சு கிளியர் கொடுத்துவிடுங்கள். பிளந்துபோனதை மெல்லிய பிளாஸ்டிக் சிமெண்ட் தொட்டுச் சேர்த்து, ஒரு நாள் விட்டுத் தேய்க்கலாம். கால்கள் உடைந்திருந்தால் 0.5 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகாமல் ஒட்டினால் மாடலின் எடை தாங்காது.

அழுக்கு போட்டேன், ஆனால் பொய்யாகத் தெரிகிறது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நல்ல கைகள்கூட இங்கேதான் தவறுகின்றன. தொழில்நுட்பக் கோளாறு எதுவும் இருக்காது. பெயிண்ட் சீராக, டீக்கால் படிந்து, வாஷ் அளவாக இருக்கும். இருந்தும் மாடல் பொம்மையாகவோ, சேற்றில் புரண்ட டாங்கியாகவோ தெரியும்.

முதல் வகை: ஒவ்வொரு பேனலின் நடுவிலும் வெளிர், ஓரத்தில் ஆழம் என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. முன்நிழல் (நிறத்துக்கு முன் பேனல் கோடுகளில் அடிக்கும் ஆழ நிறம்) அடித்ததை அப்படியே விட்டுவிட்டதன் விளைவு. உண்மை விமானத்தில் வெயில் பேனல் பார்த்து அடிப்பதில்லை. அடிநிறத்தில் 90 சதவீதம் தின்னர் கலந்து, பேனல் கோடுகளைப் பொருட்படுத்தாமல் ஒழுங்கற்ற திட்டுகளாகப் பல முறை அடித்துக் கட்டங்களை உடையுங்கள்.

இரண்டாம் வகை: பேனல் விளிம்பெல்லாம் வெள்ளி உதிர்வு. இரண்டாம் உலகப்போர் விமானங்களில் பழகிய கை இதைச் செய்துவிடுகிறது. டாம்கேட்டின் கிடைமட்ட வால் இறக்கைகளின் தோல் போரான் எபாக்சி கலப்புப் பொருள். அங்கே பெயிண்ட் உதிர்ந்தாலும் அலுமினியம் தெரிய வழியில்லை. அந்த வெள்ளிப் புள்ளிகளை அடிநிறத்தால் ஒவ்வொன்றாக மூடிவிடுங்கள். மூடிய தடம் கொஞ்சம் வேறுபட்டுத் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், அடுத்துச் சொல்லப்போவது அதைத்தான்.

விமானம் தாங்கிக் கப்பலில் மாதக்கணக்கில் உப்புக்காற்றில் நிற்கிற விமானம் அது. கழுவ நன்னீர் தாராளமாகக் கிடைக்காது. அரிப்பு திருகு தலைகளிலும் பேனல் ஓரங்களிலும் தொடங்கும். கப்பல் சிப்பந்திகள் அந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் வைத்து, கையில் இருக்கிற சாம்பலைத் தூரிகையாலோ உருளையாலோ பூசிவிடுவார்கள். பூசும்போது எழுத்துகளைத் தவிர்த்துச் சுற்றிப் போவார்கள். அதனால் இந்த விமானத்தின் முதுமை பெயிண்ட் உதிர்வதில் இல்லை, பெயிண்ட் கூடுவதில் இருக்கிறது. வெயிலில் வெளுத்த பழைய சாம்பலின்மேல் புதிய, ஆழமான, சுத்தமான திட்டுகள். 36320-இல் சிறிது வெள்ளை, சிறிது நீலம், சிறிது பழுப்பு எனத் தனித்தனியாகச் சேர்த்து மூன்று நான்கு கிண்ணங்கள் வைத்துக்கொள்ளுங்கள். திருகு வரிசைகளின்மேல் சிறு திட்டுகளாக, எழுத்துகளைச் சுற்றி வெட்டியது போல அடியுங்கள். சிலவற்றைத் தூரிகையாலேயே வையுங்கள். விளிம்பு கொஞ்சம் கரடாக இருப்பதுதான் சரி.

மூன்றாம் வகை: கசிவுக்கோடுகள் தப்பான திசையில். பறக்கும்போது வழிந்தது பின்னோக்கி ஓடும், நிற்கும்போது வழிந்தது கீழ்நோக்கி இறங்கும். எஞ்சின் அறைகளின் அடிப்புறத்தில் இரண்டுமே இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு திருகோ மூடியோ தொடக்கமாக இருக்க வேண்டும். எங்கிருந்தும் தொடங்காத கோடு கண்ணை உறுத்தும். ஆயில் கலரை அட்டைமேல் அரை மணி நேரம் பிதுக்கி வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும், மங்கலாகக் காயும். புள்ளி வைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் இழுங்கள். பிடிக்காவிட்டால் தின்னர் தொட்டு எடுத்துவிடலாம். அவசரமில்லாமல் யோசித்துச் செய்ய ஆயில் கலர் போல வேறில்லை.

டாம்கேட்டுக்கே உரிய தடம் ஒன்று உண்டு. இறக்கை 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பறக்கும்போதே சாயும், கப்பல் தளத்தில் இடம் மிச்சப்படுத்த 75 பாகை வரை போகும். உடலோடு சேரும் இடத்தில் மேல்மூடி இறக்கையின் பரப்பை உரசிக்கொண்டே இருப்பதால் அங்கே உரசல் கோடுகள் விழும். அவற்றைக் காற்றின் திசையில் நேராகப் போட்டால் தவறு. சுழல் முளையை மையமாக வைத்த வில்களாக வளைய வேண்டும். காகிதத்தில் கவராயத்தால் ஒரு வில் வெட்டி மாஸ்க்காக வைத்துக்கொண்டால் கை நடுங்காது. இது சரியாக விழுந்துவிட்டால், இறக்கை உண்மையாகவே அசைந்த மாதிரி இருக்கும்.

முதுகில், இரண்டு எஞ்சின்களுக்கு இடையே பராமரிப்புக்காரர்கள் நடக்கிற அகலமான பகுதியில், காலணி அழுக்கு திட்டுத்திட்டாகப் படியும். பஞ்சு நுனியால் ஒற்றுங்கள். மூக்கின் நுனியில் அதே அளவு அழுக்கு வேண்டாம், அங்கே யாரும் நடப்பதில்லை.

ஆதாரப் படம் தேடும்போது ஒரே விமானத்தின் வால் எண்ணையும் காலத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். பயணம் புறப்பட்ட மாதத்துப் படமும் திரும்பிய மாதத்துப் படமும் வேறு வேறு விமானம் போலவே இருக்கும். 2006 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை இவற்றுக்கு ஓய்வு கொடுத்தபின் அருங்காட்சியகங்களுக்குப் போனவற்றில் பல மறுபெயிண்ட் ஆனவை. பேனல், திருகு பார்க்க அவை உதவும், அழுக்கு பார்க்க உதவாது.

மேட் அடித்தபின் உழைப்பெல்லாம் மறைந்துவிட்டது

மேட் கிளியர் (பளபளப்பை மங்கலாக்கும் கடைசிப் பூச்சு) ஒளியைச் சிதறடிப்பதால் ஆழ நிறங்கள் வெளுக்கும், மென்மையான வேறுபாடுகள் ஒன்றாகிவிடும். அதனால் மேட்டுக்கு முன் அழுக்கைக் கண்ணுக்கு ஒரு படி அதிகமாகத் தெரிகிற அளவில் விடுவது வழக்கம். நான் முதலில் ஒரு மெல்லிய மேட் அடித்துப் பார்த்துவிட்டு, மங்கிய இடங்களில் ஆயில் கலரால் மறுபடி தொடுகிறேன்.

உறைபனி மாதிரி வெண்திட்டு விழுந்தால், புட்டியின் அடியில் தங்கிய மங்கல் தூள் ஒரே இடத்தில் குவிந்துவிட்டது, அல்லது பூச்சு தடிமனாகிவிட்டது. அதன்மேல் கிளாஸ் கிளியர் அடியுங்கள். தூளுக்கு இடையே உள்ள வெளியைக் கிளாஸ் நிரப்பியதும் வெண்மை பெரும்பாலும் காணாமல் போகும். காய்ந்தபின், புட்டியை இரண்டு நிமிடமாவது குலுக்கிவிட்டு மெல்லிய மேட்.

நாசில் (எஞ்சினின் வெளியேற்றுக் குழல்) பிளாஸ்டிக்காகவே தெரிகிறது

உலோக லாக்கரின் ஒளி அடியிலிருந்து வருகிறது. அடியில் கண்ணாடி போன்ற கிளாஸ் கறுப்பு இல்லாவிட்டால் அது வெறும் சாம்பலாகத்தான் நிற்கும். வாட்டர் பேப்பரில் சமன்செய்து, கிளாஸ் கறுப்பு அடித்து, ஒரு நாள் விட்டு, குறைந்த அழுத்தத்தில் உலோகத்தைத் தூவுங்கள். மேலே மேட் அடித்தால் உலோகம் செத்துவிடும், ஆகவே உடலுக்கு மேட் அடிக்கும்போது நாசிலைக் கழற்றியோ மூடியோ வையுங்கள். இன்னொன்று: எஃப்-14ஏ-வின் டிஎஃப்30 எஞ்சின் நாசிலும், பி, டி வகைகளின் எஃப்110 நாசிலும் உருவத்திலேயே வேறானவை. பெயிண்டைக் குறை சொல்லும் முன், கிட்டிலிருந்து சரியானதை எடுத்திருக்கிறோமா என்று பாருங்கள்.

கனபியின் (விமானி அறையின் கண்ணாடி மூடி) மாஸ்க்கை எடுத்ததும் உட்புறம் புகைமூட்டமாகத் தெரிந்தால்

அருகில் எங்கோ சூப்பர் க்ளூ ஆவி பட்டிருக்கிறது. ஒட்டியிருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். புகைத்தடம் மெல்லியதாக இருந்தால் பாலிஷ் கிரீமால் துணியில் தேய்த்து எடுத்துவிட்டு, அக்ரிலிக் கிளாஸ் கிளியரில் முழுதாக முக்கி, ஓரத்தில் வடிகிற சொட்டைக் காகிதத்தில் ஒற்றி, ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி இரண்டு நாள் விடுங்கள். திரும்ப ஒட்டும்போது காய்ந்தால் தெளிவாகிற வெள்ளைப் பசை மட்டும்.